வலி எண் இரண்டு

செவ்வாய்க் கோள், நாள் 212, காலை 06:30

எட்டாம் வானிலை நிலையம். பணியாளர் பால்வண்ணன், ஆள் ஒன்று, தொப்பை ஒன்று. புழுதிப் புயல் இல்லை. மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவை உறிஞ்சும் உருளை இன்னும் ஐந்து நாள் தாங்கும். இன்றே மாற்றிவிடலாம். அதைத் தரைக்கு அடியில் குழி தோண்டி வைத்த பொறியாளர் வாழ்நாளில் குனிந்தே பார்க்காத மகராசன்.

அதே நாள், 07:05

குனிந்தேன். பாதியில் ஒரு தும்மல். இடுப்பில் யாரோ கதவை அறைந்து சாத்தினார்கள். உருளையைத் தொடக்கூட இல்லை.

மருந்துப் பெட்டி வரை தவழ்ந்தேன். வழக்கம்போல், "வலி எத்தனை? பூஜ்யம் முதல் பத்துக்குள்" என்றது. பழக்க தோஷம், இரண்டை அழுத்திவிட்டேன்.

இதைக் கண்டெடுப்பவர் புரிந்துகொள்ளவேண்டும். ஒன்பது நிலையங்களிலும் நாங்கள் எல்லோரும் தினமும் இரண்டுதான் போடுவோம். மூன்று போட்டால் தலைமையகத்து டாக்டர் ஐரின் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி வகுப்பு எடுப்பார். பூஜ்யம் போட்டால் பொய் என்பார். இரண்டுதான் கௌரவமான எண்.

பெட்டி ஒரு வெள்ளை மாத்திரையைத் துப்பியது. இந்தக் குழியால் எங்கள் எல்லோருக்கும் முதுகு போய்க்கொண்டிருப்பதால், சாதாரண வலி மாத்திரைகளில் எது கேட்கிறது என்று தலைமையகம் சோதனை நடத்துகிறது. சில வெறும் மாவு. எது எது என்று யாருக்கும் தெரியாது. ஒரு வாரம் கூடுதல் விடுப்பு என்றதும் படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான்.

நாள் 213, 09:20

வெள்ளை மாத்திரை மூன்று விழுங்கியாயிற்று. வலிக்கு அவை வந்ததே தெரியாது. டாக்டரின் செய்தி:

"சார், இந்த மாதிரி திடீர் முதுகுவலிக்குப் பாராசிட்டமால் மாவு மாத்திரையவிடப் பெருசா ஒண்ணும் செய்யாது. இபுப்ரோஃபென் கொஞ்சம் கேக்கும், கொஞ்சம்தான். ரெண்டு மூணு வாரத்துல பெரும்பாலும் தானா சரியாயிடும். படுத்தே கெடக்காதீங்க."

மூன்று வாரம். காற்று நான்கு நாள். உருளையை மாற்ற ஒன்பதாம் நிலையத்து ஆளை வண்டியில் அனுப்பச் சொல்லிக் கெஞ்சினேன். அது வந்துசேர இரண்டு நாள் ஆகும். டாக்டர், காற்றும் வண்டியும் பராமரிப்புப் பிரிவு என்றார். பராமரிப்புப் பிரிவு, முதல் நாள் வலி ஏழைத் தாண்டினால்தான் வண்டி என்றது. முதல் நாள் எண்ணைத் திருத்தச் சோதனை விதியில் இடமில்லையாம்.

இன்று ஒன்பது அழுத்தினேன். பெட்டி: "முதல் நாள் இரண்டு. மிகைப்படுத்தல் எனக் குறிக்கப்பட்டது."

நாள் 214, 11:00

ஏழாம் நிலையத்துக் கோமதிநாயகத்தை நினைத்தால் வயிறு எரிகிறது. வானொலியில் சீட்டு ஆடும்போதே ஏமாற்றுகிற மனுஷன். மச்சினனின் நகைக்கடைப் பெருமையை நாள் முழுக்க அளப்பான். போன மாதம் அவனுக்கும் இதே பிடிப்பு. நாலே நாளில் பூரண குணம் என்று தலைமையகம் எல்லோருக்கும் செய்தி அனுப்பியது. அன்றிலிருந்து எங்களோடு பேச்சில்லை. குணமான திமிர்.

அவன் தின்ற அதே மாத்திரையை எனக்கும் கொடுங்கள் என்று எழுதியிருக்கிறேன்.

ஒன்பதாம் நிலையத்து ஜெசிந்தாவிடம் நேரடியாகச் சொல்லிப் பார்த்தேன். "உருளைய மாத்தலைன்னா செத்துருவேன் தங்கச்சி." விழுந்து விழுந்து சிரித்தாள். "போங்கண்ணே, உங்களுக்கு எப்பவும் வெளையாட்டு." ஆறு மாதமாக அவளைச் சிரிக்க வைப்பதற்காகவே தினமும் ஒருமுறை செத்துக்கொண்டிருந்தேன். பலன்.

நாள் 215, 08:40

இன்று நீல மாத்திரை. இபுப்ரோஃபெனாக இருக்கவேண்டும், வயிறு எரிகிறது, ஒருக்களித்துப் படுக்க முடிகிறது. கொஞ்சம்தான் என்று டாக்டர் சொன்னது துல்லியம். குழி மூடியைத் திறந்து கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். உருளை ஒரு விரல் உயரம் எழுந்தது. பிறகு அந்தக் கதவு மறுபடி சாத்திக்கொண்டது. என் அலறலைக் கேட்க யாரும் இல்லாதது கொஞ்சம் ஆறுதல்.

15:10. தலைமையகத்தின் பதில்:

"கோமதிநாயகம் அவர்களுக்கும் வெள்ளை மாத்திரைதான். நான்காம் நாளுக்குப் பிறகு அவர் மருந்து கேட்கவில்லை. மருந்து கேட்பதை நிறுத்தினால் குணம் என்பது விதி."

இரண்டு முறை படித்தேன்.

ஏழாம் நிலையத்திலும் உருளை குழிக்குள்தான். கோமு, சீட்டில் நீ ஏமாற்றியதை எல்லாம் விட்டுவிட்டேன். ஒரு வார்த்தை பேசு.

15:30. ஏழிலிருந்து பதில் இல்லை. ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். "கோமு செத்துட்டான்" என்றேன். சிரிக்க ஆரம்பித்தாள். என் குரல் உடைந்தது. "அய்யோ, அழுகை என்னா தத்ரூபமா வருது" என்றாள்.

நாள் 216

மண்டை பிளக்கிறது. காற்று கெட்டுவிட்டது. பத்து அழுத்தினேன். மிகைப்படுத்தல். வெள்ளை மாத்திரை.

வெள்ளை பாராசிட்டமால்தான் போல, தலைவலிக்கு என்னமாய்க் கேட்கிறது! அரை மணியில் தலை லேசு. சுகமாகக்கூட இருக்கிறது. பயமாக இருக்கிறது. காற்று கெட்டதைச் சொல்ல மிச்சம் இருந்த ஒரே ஆள் அந்தத் தலைவலிதான்.

மருந்து கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். கேட்காவிட்டால் குணமாகிவிடுவேன்.

217

பெட்டி இரண்டடி தள்ளி. பொத்தான் மேலே. இன்னும் இரண்டடி தவழ்ந்தால்

முதுகு வலிக்கவில்லை. நிஜமாக இப்போது வலிக்கவே

ஜெசி, சிரிக்காதே

நாள் 218, 06:30. மருந்துப் பெட்டியின் பதிவு

வலி எத்தனை? பதில் இல்லை. மருந்து கோரப்படவில்லை. பங்கேற்பாளர் பால்வண்ணன் குணமடைந்தார். வெள்ளை மாத்திரை: பலன் உண்டு. அனைத்து நிலையங்களுக்கும் அறிவிக்கப்பட்டது.

நாள் 218, 10:15. ஒன்பதாம் நிலையத்திலிருந்து வந்த குரல்

"அண்ணே, குணமாயிட்டீங்களாமே! நாந்தான் சொன்னேன்ல, எல்லாம் நடிப்புன்னு. இப்ப என் கதையக் கேளுங்க. இன்னைக்கு உருளைய மாத்தக் குனிஞ்சேன், அப்படியே பிடிச்சுக்கிச்சு. பெட்டி கேட்டுச்சு, வழக்கம்போல ரெண்டு போட்டுட்டேன். நீங்க என்ன மாத்திரை தின்னீங்க? அண்ணே? குணமானதும் திமிராக்கும். பேசுங்கண்ணே."