அத்தான் பெயரில் மூன்று எண்கள்

மார்ச் 4
அக்கா வந்து ஒரு வாரம் ஆகிறது. லீவுக்கு வந்திருக்கிறாள் என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிவைத்திருக்கிறாள். லீவுக்கு வந்தவள் இந்த வெயிலில் சட்டைக் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொள்வாளா? மணிக்கட்டு வீக்கம் இன்னும் வடியவில்லை.

மார்ச் 6
அத்தான் ஃபோன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஊழியர் குடும்பத்துக்குப் பாதிக் கட்டணம்தான். கல்யாணமான மாதமே எங்கள் மூவரின் எண்களையும் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். பில் அவருக்குப் போகும், அம்மா பணத்தைக் கொடுத்துவிடுவாள். மாப்பிள்ளை தங்கம் என்று அப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். இன்று அக்கா கேட்டாள்: "அந்தத் தங்கத்தை இப்ப எந்தக் கடையிலம்மா அடகு வைக்கலாம்?" எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

மார்ச் 9
அக்காவின் எண் செத்துவிட்டது. பேசிக்கொண்டிருக்கும்போதே.

மார்ச் 10
அத்தான் அம்மாவைக் கூப்பிட்டார். மாதக் கடைசிக்குள் அக்கா திரும்பி வராவிட்டால் மற்ற இரண்டு எண்களும் போய்விடுமாம்.

அம்மா வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவள். எந்த வீட்டில் யார் படுத்தாலும் அவள் எண்ணுக்குத்தான் அழைப்பு வரும். அது போனால் நாங்கள் எதைச் சாப்பிடுவது? "கொஞ்சம் பொறுத்துப் போயேன்டி" என்றாள் அக்காவிடம். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தாள்.

மார்ச் 12
பள்ளி நூலகக் கணினியில் கம்பெனி விதிமுறைகள் முழுவதையும் படித்தேன். எழுதியவர்கூடப் படித்திருக்க மாட்டார். எண்ணை வேறு பெயருக்கு மாற்ற உரிமையாளர் கையெழுத்து வேண்டும். அதாவது அத்தானின் கையெழுத்து.

அம்மாவை அவ்வப்போது வேலைக்கு அனுப்பும் ஏஜென்சியிலும் ஊழியர்களுக்கு ஃபோன் கட்டணச் சலுகை உண்டு என்று கண்டுபிடித்து, ஓடினேன். மேலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்கம்மா ஊழியர்னு யாரும்மா சொன்னது?"

எனக்கு நினைவு தெரிந்த நாள்முதல் அப்படித்தானே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 15
அக்கா என் ஃபோனில் ஒரு வக்கீலிடம் பேசினாள். கதவைச் சாத்திக்கொண்டு, மெல்லிய குரலில். நான் வாசலில் காவல்.

மார்ச் 17
அத்தானுக்குத் தெரிந்துவிட்டது. யாரும் சொல்லவில்லை – கணக்கு அவர் பெயரில். யார் யாரைக் கூப்பிட்டோம், எவ்வளவு நேரம் பேசினோம், எல்லாம் அன்றன்றைக்கே அவருக்குத் தெரிகிறது. ஸ்பீக்கரில் அவர் குரல் நிதானமாக இருந்தது. "வக்கீலம்மாகிட்ட அவ்வளவு நேரம் என்ன பேச்சு? நீங்களும் உங்க தங்கச்சிகிட்ட தினம் புலம்புறீங்க போல, அத்தை."

அத்தனை பக்கம் படித்தேனே, இது எனக்கு உறைக்கவில்லையே. மண்டு. இத்தனை நாளும் வீட்டுக்குள் அவரையும் உட்காரவைத்துக்கொண்டா பேசினோம்?

அம்மா ஃபோனை அணைத்தாள். "ஸ்கூல் விட்டதும் நேரா கடைக்கு வந்துடு. புது நம்பர் வாங்கணும்." யார் பெயரில் என்று கேட்டேன். "என் பேருல. எனக்கும் பேர் இருக்குல்ல?"

மார்ச் 24
மூவருக்கும் ஒரே எண், முழுக் கட்டணம். பழைய சிம்களை அன்றே கழற்றிப் போட்டுவிட்டோம். வேலைக்கு ஓர் அழைப்புகூட இல்லை. அம்மா பழைய வீடுகளுக்கு நடந்தே போய்ப் புது எண்ணைச் சொல்கிறாள். ஒரு வீட்டில் வேறு ஆளை வைத்துவிட்டார்களாம். சாப்பிடும்போது மூன்று பேரும் ஃபோனையே பார்க்கிறோம். அடி, அடித்துத் தொலையேன்.

மார்ச் 25
அடித்தது. ராங் நம்பர். அக்கா பாவம், ரொம்ப நேரம் மரியாதையாகப் பேசினாள்.

ஏப்ரல் 2
காலையில் பள்ளி வாசலில் அத்தான் நின்றார். கையில் பெரிய அகராதி, நான் நெடுநாளாக ஆசைப்பட்டது. எனக்காக வாங்கினாராம். அக்காவின் புது எண்ணை மட்டும் சொன்னால் போதுமாம்.

அந்த எண்ணைத் தலைகீழாகக்கூட ஒப்பிப்பேன்.

"தெரியாது அத்தான்."

"வகுப்புலயே முதல் மார்க் வாங்கற பொண்ணு. ஒரு நம்பர் தெரியாதா?"

"தெரியாது."

மணி அடித்தது. அகராதியைத் தொடாமல் உள்ளே போனேன்.