தோற்றவள் தூக்கும் ஐஸ் பெட்டி

உன் கிருமி வளரும் தட்டின் மூடியைத் திறந்தால் இன்றும் அதே சேற்று நாற்றம். போன மாதம்தான் துணிந்து, உறைபெட்டியில் உன் கையெழுத்தோடு கிடந்த சின்னப் போத்தலை எடுத்து உருக்கினேன். வளருமோ வளராதோ என்ற பயத்திலேயே இத்தனை காலம் தொடாமல் வைத்திருந்தேன். பாழாய்ப்போனது, உயிரோடுதான் இருந்திருக்கிறது.

ஆய்வுகூடத்தில் நமக்கு ஒரே மேசை. வாவியின் மேற்கே, வவுணதீவுப் பக்கத்து நன்னீரில் நீ பிடித்த பாக்டீரியாவும், முகத்துவாரத்து உப்புநீரில் நான் பிடித்ததும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. ஒரே இனம் என்றாய் நீ. நெருங்கிய இரண்டு இனங்கள் என்றேன் நான். தோற்றவள் அடுத்த முறை வவுணதீவுச் சோதனைச் சாவடி தாண்டி ஐஸ் பெட்டி தூக்க வேண்டும் என்று பந்தயம். ஆமிக்காரர் போத்தல் போத்தலாகத் திறந்து முகர்ந்து பார்ப்பார்கள். யாருக்குத்தான் அந்த ஆசை?

முதல் ஒப்பீட்டிலேயே நான் கோட்டைவிட்டேன். வயல் வட்டைகளில் வெள்ளம் ஏறியதால் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிட்டிருந்தார்கள். வாவியின் நன்னீர் முழுக்கக் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது தெரியாமல் நீர் அள்ளினேன். கொழும்பிலிருந்து வந்த மரபணு வரிசை எழுத்துக்கு எழுத்து உன்னுடையதோடு ஒத்திருந்தது. விழுந்து விழுந்து சிரித்தாய். “என்ட கிருமியையே அள்ளிக்கொண்டு வந்து எனக்குக் காட்டுறியே கா.” கடல்நீர் திரும்ப ஏறிய பிறகு மறுபடி அள்ளி, அடுத்த ஒப்பீட்டுக்காக இருவரின் கிருமிப் போத்தல்களையும் உறைய வைத்தோம்.

அந்த மார்கழியில் சுனாமி அலை உன் அம்மாவைக் கொண்டுபோனது. உன் அண்ணன் உன்னை வன்னிக்குக் கூட்டிப்போனார். கடைசியாக அங்கிருந்து போனில் பேசினாய்.

“வெளிய வர ஏலாது கா. பாதையெல்லாம் பூட்டியாச்சு. போத்தல எறிஞ்சிராத, வந்து பாப்பம்.”

யுத்தம் முடிந்து அண்ணன் மட்டும் வந்தார். பதுங்குகுழிக்குப் பக்கத்திலேயே உன்னைப் புதைத்ததைச் சொல்லிவிட்டுத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்தும் நான் போகவில்லை. கரண்ட் போனால் ஜெனரேட்டர் போட யார் இருக்கிறார்கள்? பேசிவந்த மாப்பிள்ளைக்குக் கொழும்பில் வேலை என்றதும் அந்தக் கலியாணத்தையும் வேண்டாம் என்றேன். அந்த உறைபெட்டியைத் தூக்கிக் கடலில் போடு என்று என் அம்மா ஏசினார். எனக்கே உன்மேல் கோபம் வரும். வந்து பார்க்கிறேன் என்று சொல்லி என்னை இந்த அறையில் கட்டிப்போட்டுவிட்டாயே.

இன்று இரண்டு கிருமிகளின் முழு மரபணு ஒப்பீடும் வந்தது. மாறினால் கிருமியே செத்துப்போகும் மரபணுக்களில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். மற்றவற்றில் எழுத்துகள் வெகுவாக விலகியிருக்கின்றன, ஒரே இனம் என்று சொல்ல முடியாத அளவுக்கு. நான் வென்றுவிட்டேன்.

முடிவை உறுதிசெய்ய நாளை வவுணதீவில் மறுபடி நீர் அள்ள வேண்டும். சாவடி இப்போது இல்லை, போத்தலை முகர்ந்து பார்க்கவும் யாருமில்லை. தோற்றது நீ. ஐஸ் பெட்டியைத் தூக்கப்போவது நான்.