சுண்டுவுக்கு இராயப்பர் வேஷம்

11.4.76, ஞாயிறு. குருத்தோலை.

காலை வெயில். மூன்று மணிக்கு மேல் இடி, மழை. குடையைப் பசறை பஸ்ஸில் விட்டுவிட்டேன்.

போன மாதம் அருள்தாஸ் கேட்ட கேள்வி இன்னும் மனதில் கிடக்கிறது. பதுளை பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது கேட்டான். "டீச்சர், இத்தனை வருஷம் புள்ளைகளைக் கட்டி மேய்ச்சிருக்கீங்க. சிரிக்கிற சனத்தை எப்படி நிறுத்துறது?"

தெரிந்ததைச் சொன்னேன். மேசையில் தட்டலாம். சிரித்தவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம். ஒன்றும் பலிக்காவிட்டால் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதத் தொடங்கலாம்.

"என்கிட்ட கரும்பலகை இல்லீங்களே" என்றான். பஸ் வந்துவிட்டது.

எனக்காக எழுதுவதுதான். ஆனாலும் இந்தக் குறிப்பேட்டைப் பாதியில் திறக்கிறவருக்கும் விளங்க வேண்டும். ஆசிரியப் புத்தி. ஆகவே:

அருள்தாஸ் (இனி அ.தா.) பசறை ரோட்டுத் தோட்டத்துப் பிள்ளை. எட்டு வயதில் ரேடியோ நாடகக்காரர்கள் இவன் குரல் பிடித்துப்போய்க் கொழும்புக்குக் கூட்டிப்போனார்கள். வாராவாரம் வரும் சிரிப்புத் தொடர். அதில் இவன் கடைக்குட்டி சுண்டு. பானை உடையும், கோழி காணாமற்போகும், மாமாவின் பல்செட் தொலையும். அப்பா அதட்டுவார். சுண்டு கீச்சுக் குரலில், "சத்தியமா எனக்குத் தெரியாதுங்கப்பா" என்பான். அவ்வளவுதான் வேலை. லயத்துக்கு, அதாவது ஒரு வரிசை தோட்டத்து வீடுகளுக்கு, ஒரு ரேடியோ இருந்த காலம். சுண்டு வாய் திறக்குமுன்னே லயம் முழுக்க அதைக் கூடிச் சொல்லும். நானும் சொல்லியிருக்கிறேன், குசினியில், அடுப்படியில், தனியாக.

பிறகு குரல் உடைந்தது. அடுத்த வாரமே கதையில் சுண்டுவைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். நிஜ அ.தா. ரயிலேறிப் பதுளைக்கு வந்தான். இப்போது இருபத்தைந்து வயது, மீசை, ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. இன்னும் எதிரே வருகிறவன் எல்லாம் "என்னா சுண்டு, இந்தியாவுலேருந்து எப்ப வந்த?"

இவன் அப்பா இறந்தபோது அடக்கம் முடிந்து, வந்தவர்களுக்கு நன்றி சொல்ல எழுந்தான். "எங்கப்பா" என்று தொடங்கினான். பின்னால் யாரோ களுக்கென்றார்கள். பிறகு மொத்தக் கூட்டமும். கெட்ட சனம் இல்லை. உதாரணம்: மணியடித்தால் வகுப்பு எழுந்து நிற்கும். ஏன் என்று கேட்டால் தெரியாது.

இனி இன்றைய விஷயம். பெரிய வெள்ளிக்குத் தோட்டத்து மைதானத்தில் ஆண்டவரின் பாடுகளின் நாடகம். வசனம் என்னுடையது. திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பதும் நான். வருஷா வருஷம் இராயப்பர் ஆகிறவர் (இப்போது பேதுரு என்கிறார்கள், எனக்கு இராயப்பர்தான்; சேவல் கூவுமுன் ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தடவை மறுத்த சீடர்) மார்கழியில் நிஜமாகவே இந்தியாவுக்குப் போய்விட்டார். புது சாமியார் மன்னார்ப் பக்கம். சுண்டுவைக் கேட்டதே இல்லை. அ.தா.வின் கனத்த குரலைக் கேட்டதும் "இவர்தான் இராயப்பர்" என்றுவிட்டார். சுண்டு கதையை யாரும் அவரிடம் சொல்லவில்லை. நானும்தான்.

முதல் ஒத்திகை. வேலைக்காரி கேட்க வேண்டும், நீயும் அவரோடு இருந்தவன்தானே என்று. கேட்டாள். அ.தா. சொன்னான்: "அவரை எனக்குத் தெரியாது."

ரோமச் சேவகன் ஈட்டியை நழுவவிட்டான். வேலைக்காரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். ஆண்டவராக நின்ற பிலிப்பு, கட்டிய கையோடு குலுங்கினார்.

சாமியார் என்னிடம், "என்ன டீச்சர், அவர் பிழையாச் சொன்னவரோ?"

"இல்லை ஃபாதர். சரியாகச் சொன்னார். அதுதான் சங்கடம்."

12.4, திங்கள்.

மழை இல்லை. வாங்க வேண்டியவை: சவர்க்காரம், மண்ணெண்ணெய், இராயப்பருக்குத் தாடி.

தாடிக்குக் கறுப்புத் துணி தேடி ரஹீம் நானா கடைக்குப் போனேன். அ.தா. வேலை செய்வது அங்கேதான். புதுவருஷ வியாபாரம், வாசல்வரை சனம். துணி கிழிக்கிற சத்தத்தைவிடச் சிரிப்புச் சத்தம் அதிகம். நானா இவனை வேலைக்கு எடுத்ததே அதற்குத்தான், ஒளிக்கவும் இல்லை. ஒரு பெண் இரண்டு சீத்தைத் துணிகளுக்கு நடுவே தயங்கினால் நானா தலையை ஆட்டுவார். "ஒருக்கா செல்லு மகன்." நானாவின் பேச்சில் சொல்லு என்பது செல்லு. இவன் முழக்கோலைப் பிடித்தபடி, முகத்தில் ஒன்றுமில்லாமல், அந்தக் கீச்சுக் குரலில் சொல்வான். பெண் சிரித்துக்கொண்டே இரண்டையும் எடுப்பாள்.

நானா என்னைத் தனியே அழைத்தார். "மிஸ், விஷயம் தெரியுமா? கொழும்புல இருந்து டிரங்க் கோல். ரேடியோக்காரங்க. தொடரைத் திருப்பித் தொடங்குறாங்களாம். வளந்த சுண்டு. கலியாணம் முடிச்சு, பொண்டாட்டி கேக்குறா, இவன் அதே வசனம் செல்றான். சனிக்கிழமை பதில் வேணுமாம். என்ட வியாபாரம் போச்சு."

அ.தா. துணி மடித்துக்கொண்டே சொன்னான். "வெள்ளிக்கிழமை பாத்துட்டு சொல்றேன் டீச்சர். மைதானத்துல சிரிச்சாங்கன்னா போயிருவேன். அதுதான் நான்னு ஆகிப்போச்சு, எதுக்கு மல்லுக்கட்டணும்? சிரிக்கலேன்னா இங்கயே இருப்பேன்."

"இருந்து என்ன செய்வாய்?"

"துணி வெட்டுவேன். ஆனா பேசிக்கிட்டு வெட்டுவேன்."

தாடித் துணி மறந்துபோய் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

14.4, புதன்.

புதுவருஷக் களைப்பு. ஊரில் பாதிக் கடை பூட்டு. பக்கத்து வீட்டு மெனிக்கே கொக்கிஸ் முறுக்கு கொடுத்தனுப்பினாள். பல் ஒன்று ஆடுகிறது.

இரவு முழுக்க யோசித்து வசனத்தை மாற்றிப் பார்த்தேன். ஒத்திகையில் ஒவ்வொன்றாய்ச் சொல்லவைத்தேன்.

"அவரை நான் அறியேன்." சிரிப்பு.

"எனக்கும் அவருக்கும் பழக்கமில்லை." சிரிப்பு. கோயில் மணியடிக்கும் சவரிமுத்து: "பேங்க்ல கடன் கேக்கப் போனாப்ல இருக்கு டீச்சரம்மா."

ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுவது. இதற்குத்தான் அதிகச் சிரிப்பு.

ஆக, வார்த்தையில் இல்லை. இவன் மறுத்தாலே போதும், சனம் பானை உடைந்த வீட்டுக்குப் போய்விடுகிறது. பழைய வசனத்தையே வைத்தாயிற்று.

சவரிமுத்துவுக்குச் சேவல் வேலை. திரைக்குப் பின்னால் என் பக்கத்தில் நின்று கூவ வேண்டும். மனிதர் அதைப் பெரிய பொறுப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறார். மூன்று நாளாய்க் கருப்பட்டியும் இஞ்சியும். "டீச்சரம்மா, துக்கத்தோட கூவணுமா, சும்மா கூவணுமா?"

"சேவலுக்கு நடந்தது ஒன்றும் தெரியாது. சும்மா கூவு."

"அப்ப சரி. துக்கம் எனக்கு வராது."

15.4, பெரிய வியாழன்.

பதுளைக் கோயிலில் பூசை. கால் கழுவும் சடங்கில் பன்னிரண்டு பேரில் அ.தா.வும் ஒருவன். சாமியார் குனிந்து அவன் காலைத் துடைத்தபோது பெண்கள் பக்கம் ஒரு குரல் மெதுவாக, "சுண்டு காலு எம்புட்டுப் பெருசு பாரேன்." நான் திரும்பி முறைத்தேன். என்னிடம் படித்தவள்தான், இப்போது நான்கு பிள்ளைக்குத் தாய். உடனே எழுந்து நின்றுவிட்டாள், பாவம்.

வெளியே வந்ததும் அ.தா. கேட்டான். "கேட்டுச்சா டீச்சர்?"

"எது?"

"பரவாயில்ல விடுங்க."

16.4, பெரிய வெள்ளி.

உபவாசம். நான்கு மணிக்கு மழை, ஐந்துக்கு விட்டது. மைதானம் சேறு. பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் சனம், சாக்கை விரித்து உட்கார்ந்தது. பாதிப் பேர் கோயிலுக்கே வராதவர்கள். சுண்டுவைப் பார்க்க வந்தவர்கள். முன்வரிசையில் ரஹீம் நானா, நாற்காலியோடு. "எங்கட பொடியன்தானே" என்றார்.

ஆண்டவர் செபிக்கும் தோட்டக் காட்சி ஒழுங்கு. கைது ஒழுங்கு. பிறகு முற்றத்தில் நெருப்பு மூட்டி, அ.தா. குளிர் காய வந்து குந்தினான். அப்போதே சனத்துக்குள் ஒரு சலசலப்பு. வகுப்பில் பின்வாங்கில், கடைசி பெஞ்சில், தெரியுமே, அப்படி.

வேலைக்காரி கேட்டாள். அ.தா. நல்ல குரலில், மெதுவாக, "அவரை எனக்குத் தெரியாது." மைதானம் விழுந்து சிரித்தது. நானா நாற்காலியின் கையை அடித்துச் சிரித்தார்.

சேவகன் கேட்டான். "ஐயா, சத்தியமா எனக்கு அவரைத் தெரியாது" என்று சொல்ல வேண்டும். சரியாகத்தான் சொன்னான். சத்தியம் என்ற சொல் வந்ததும் பிள்ளைகள் எழுந்து குதித்தார்கள். பிலிப்பு கூடத் தலையைத் திருப்பிக்கொண்டார். திரை இடுக்கில் அ.தா. முகம் தெரிந்தது. அப்பாவின் அடக்கத்தில் பார்த்த அதே முகம்.

மூன்றாவது ஆள் கேட்டான். இந்த ஆள்தான், நான் பார்த்தேன், இவனும் அவரோடு இருந்தவன்தான் என்று கையை நீட்டினான்.

அ.தா. வாய் திறக்கவில்லை.

நெருப்பைப் பார்த்தபடியே இருந்தான். நேரம் போனது. வசனம் மறந்துவிட்டது என்று நினைத்தேன். என் வேலை அதுதானே. மெதுவாக எடுத்துக்கொடுத்தேன்: "எனக்குத் தெரியாது." என் மெதுவான குரல் எப்படிப்பட்டது என்பது என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். கடைசி வாங்குவரை போகும். முன்வரிசை கேட்டுவிட்டது. முன்வரிசை தொடங்க, பின்னால் லயம் லயமாகப் பிடித்துக்கொண்டார்கள். பழைய பழக்கம், ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்த மாதிரியே, ஆணும் பெண்ணும் பிள்ளையும், மைதானம் முழுக்க ஒரே குரலில்:

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்கப்பா!"

சவரிமுத்து எதையும் கவனிக்கவில்லை. அவருக்கு மூன்றாவது மறுப்பு காதில் விழுந்தால் கூவ வேண்டும். விழுந்தது. கூவினார். சும்மா கூவினார், சேவல் போலவே.

அப்படி ஓர் அமைதியை நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. வாயைத் திறந்தபடி இருந்தவர்கள் அப்படியே இருந்தார்கள். யார் மறுத்தது என்று ஒவ்வொருவருக்கும் விளங்கிக்கொண்டு வந்தது. சாக்கில் இருந்த ஒரு கிழவர் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்தார். நேற்று அவன் பாதத்தைப் பற்றிப் பேசினவள் முகத்தை மூடிக்கொண்டாள். ரஹீம் நானா, அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார்.

அ.தா. தலை குனிந்து வெளியே போனான். அதன் பிறகு சிலுவைவரை ஒருவரும் இருமவில்லை.

திரைக்குப் பின்னால் அவனைப் பிடித்துக்கொண்டேன். "வேண்டுமென்றே நிறுத்தினாயா?"

"இல்லீங்க டீச்சர். சொல்ல வாய் வரல. ரெண்டு தடவை சிரிச்சதே போதும்னு ஆயிருச்சு."

சவரிமுத்து: "என் கூவல் எப்படிங்க?"

17.4, சனி.

வெயில். தலைவலி. பல் விழுந்துவிட்டது, கொக்கிஸால்தான்.

பதில் சொல்லும் நாள். நானா கடைக்குப் போனேன், பிறகு கடனுக்கு எடுத்த தாடித் துணியின் கணக்கு என்று ஒரு சாக்கு. கடையில் சிரிப்பே இல்லை. ஒரு பெண் இரண்டு துணிக்கு நடுவே தயங்கினாள். நானா பழக்கத்தில் தலையை ஆட்டினார். அவள் அவசரமாக, "வேணாம் மொதலாளி, அதச் சொல்லச் சொல்லாதீங்க" என்று ஒன்றைக்கூட எடுக்காமல் போனாள். நானா என்னைப் பார்த்தார். "மிஸ், உங்கட நாடகம் என்ட கடைய மூடப்போகுது."

டிரங்க் கோல் வந்தது. நானா எடுத்து, பெருமூச்சோடு நீட்டினார். அ.தா. கேட்டுக்கொண்டே நின்றான். பிறகு மரியாதையாக, "சுண்டுதானுங்களே? அவன் இந்தியாவுக்குப் போயிட்டான். நீங்கதான அனுப்புனீங்க. இன்னும் வரல" என்று வைத்துவிட்டான்.

நானா வந்த சிரிப்பை அடக்கி, இருமலாக்கினார்.

மத்தியானம் தோட்டத்து மேல்பிரிவுக் கங்காணி வந்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அ.தா. முன்னால் நின்றார். "எங்கம்மா தவறிட்டாங்க தம்பி. நாளைக்கழிச்சு அடக்கம். நீங்க வந்து நாலு வார்த்தை பேசணும்."

தம்பி என்றார். நீங்க என்றார். இவன் என்னைப் பார்த்தான். நான் துணியைப் பார்த்தேன்.

"வர்றேங்க" என்றான். கங்காணி சிரிக்கவில்லை.

18.4, ஞாயிறு. உயிர்ப்பு.

மேகமூட்டம். குடை கிடைத்துவிட்டது, கண்டக்டர் வைத்திருந்தார்.

அவன் கேட்ட கேள்விக்குக் கரும்பலகை இல்லாத விடை. பாதியில் திறந்த நீங்கள் யாராயிருந்தாலும்: எல்லோரும் உங்கள் வாயிலிருந்து எதிர்பார்க்கும் வார்த்தையை, நாளையே ஒரு தடவை, சொல்லாமல் நின்று பாருங்கள்.