சந்துக்குப் பொதுவாக உட்கார்ந்தேன்

மாமல்லபுரம்,
புதன்கிழமை.

அன்பு மகள் மீராவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நன்றாகவே இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை பத்ரியும் அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும். நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேருக்குப் பொதுவாக உட்கார்ந்து தீர்ப்புச் சொன்ன நான், அதில் ஒருவரிடம் எனக்கு ஆக வேண்டிய காரியம் இருந்ததை மறைத்துவிட்டேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

போன மாதம் நீ கேட்டாயே, உங்கள் ஊர்க் கோர்ட்டில் தமிழ்க்காரர்களுக்கு மொழிபெயர்க்கும்போது நடுவர் என்று சொல்வதா மத்தியஸ்தர் என்று சொல்வதா என்று. நான் பெரிய ஆள் மாதிரி விளக்கினேன். நடுவர் பட்டிமன்றத்திலும் கபடியிலும் இருப்பவர், அவர் சொன்னால் அத்தோடு முடிந்தது. நீதிபதி அரசாங்கம் உட்கார வைத்தவர், நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அவர்தான். மத்தியஸ்தர் இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டு தாங்களாகவே கூப்பிட்ட ஆள், கடைத்தெருவில் அவரைப் பொதுவானவர் என்போம். இவ்வளவும் சொன்னேன். அன்றைக்கே நான் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன் என்பதைச் சொல்லவில்லை.

நம் ஹார்டுவேர் கடைக்கு நாலு கடை தள்ளி ஷபானா சிப்பிச் சாமான் கடை வைத்திருக்கிறாளே, அவளுக்கும் பக்கத்துக் கற்சிலைக் கடை சுப்பிரமணிக்கும் நடுவில் ஒரு சந்து. பத்திரத்தில் அது யாருடையது என்று தெளிவாக இல்லை. அவளிடம் வேலை செய்யும் பெண்கள் பின்னால் தொட்டியில் சிப்பி கழுவி அந்த வழியாகத்தான் கடைக்குக் கொண்டுவருவார்கள். அதை அடைத்துக் கேட் போட வேண்டும் என்றான் சுப்பிரமணி. என்னைக் கூப்பிட்டார்கள். தீர்ப்புச் சொல்லும்வரை பொதுவானவர் இரு பக்கத்திலும் ஒரு வாய் டீகூடக் குடிக்கக் கூடாது என்பது இங்கே வழக்கம். நானும் குடிக்கவில்லை, வந்த டம்ளரை எல்லோரும் பார்க்கத் தள்ளி வைத்தேன். ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் தார்ப்பாய் வைக்க இடமில்லை என்று சுப்பிரமணியின் பின்கட்டு அறையைக் கேட்டிருந்தேன், அவனும் சந்து கைக்கு வந்தால் தருகிறேன் என்றிருந்தான். சந்து அவனுக்கு என்றேன். எனக்குத் தோன்றியதைத்தான் சொன்னேன் என்று பத்து நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன் மீரா, வியாபாரத்தில் எதிராளி பொய் சொன்னால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பவன் நான். ஷபானா மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டாள். அவளுடைய பெண்கள் மறுநாளிலிருந்து கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு டூரிஸ்ட் வண்டிகளுக்கு நடுவில் தெருவைச் சுற்றிவந்தார்கள். அதில் ஒருத்தி கால் பிசகிக் கூடையோடு விழுந்ததையும் பார்த்தேன்.

அதன் பிறகுதான் என் தார்ப்பாய் லோடு வந்து அந்தச் சந்து வழியாகவே உள்ளே போனது. ஷபானா வாசலில் நின்று கடைசிக் கட்டு இறங்கும்வரை பார்த்தாள். சாயங்காலம் தீர்ப்புக் காகிதத்தோடு நம் கடைக்கு வந்தாள். சண்டை போடவில்லை. "அண்ணாத்த, உங்க பேருக்குக் கீழ மத்தியஸ்தர்னு எழுதிக்கீது. அத மட்டும் அடிச்சிக் குடுங்க, மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்றாள். அவள் எதிரிலேயே கோடு போட்டு அடித்துக் கொடுத்தேன். செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசலில் கயிறு விற்ற நாளில்கூட யாரும் என்னை அப்படி நிற்க வைத்ததில்லை. தரகர்கூடத் தன் கமிஷனை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் பேசுகிறார், எனக்கு அந்தப் பெயரும் பொருந்தாது.

மறுநாள் சுப்பிரமணியிடம் போய் அந்தத் தீர்ப்பு செல்லாது, ஏன் என்று நானே வியாபாரிகள் சங்கத்தில் சொல்லப்போகிறேன் என்றேன். "இன்னா அண்ணாத்த, ரூமு குடுத்தப்போ இனிச்சிது, இப்போ பேஜாரா கீதா" என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. சங்கத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து சொன்னேன். யாரும் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. திருக்கழுக்குன்றத்திலிருந்து பார்த்தசாரதி என்ற ரிடையர் ஆன வாத்தியாரைக் கூப்பிட்டார்கள். அவர் உட்காரும் முன்பே, "என் மருமகள் போன வருஷம் சுப்பிரமணி கடையில் ஒரு கல்விளக்கு வாங்கினாள், அதனால் நான் வேண்டாம் என்றால் இப்போதே போய்விடுகிறேன்" என்றார். ஒரு விளக்குக்கு. எனக்குத் தலை நிமிரவில்லை. உன் குறிப்பில் மத்தியஸ்தர் என்று எழுதியிருந்தால் பக்கத்தில் இதையும் எழுதிக்கொள்: யாரிடம் தனக்கு என்ன இருக்கிறது என்பதை உட்காரும் முன்பே சொல்லுகிறவர்.

அம்மாவுக்கு முழங்கால் வலி, செங்கல்பட்டில் எக்ஸ்ரே எடுத்தோம், பயம் ஒன்றும் இல்லை. இந்த விஷயம் அவளுக்கும் தெரியும், ஷபானாவிடம் போய்ச் சொன்னீர்களா என்று மட்டும் கேட்டாள். சொல்லிவிட்டேன். நீ ஞாயிற்றுக்கிழமை பேசும்போது இதைப் பற்றி என்னிடம் கேள், கேட்காமல் விடாதே. நீங்கள் இருவரும் குறையில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

உன் அப்பா,
கோபாலகிருஷ்ணன்

பி.கு. புதுக் காகிதத்தில் முடிவானது: சந்து இருவருக்கும் பொது, கேட் கிடையாது. காலை ஆறு முதல் பதினொன்று வரை சிப்பிக் கூடைகளுக்கு, மீதி நேரம் சிலை இறக்க ஏற்ற. பின்கட்டு அறை வெள்ளிக்கிழமைக்குள் காலியாக வேண்டும். மூன்றாவதாக என் கையெழுத்தும் உண்டு, அதன் கீழே ஷபானா தன் கையால் எழுதியிருப்பது: அறையைக் காலி செய்பவர்.