மில் நிற்கட்டும், வீடு போகட்டும்

அன்புக் கண்ணு தரணிக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். அந்த ஊர்க் குளிரில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு தும்மல்கூட வரக்கூடாது என்று அவிநாசியப்பனை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், சேதி பாதியில் நின்றுவிடும், அதனால்தான் கடிதம்.

மூடிக் கிடக்கிற நம் பஞ்சு மில்லை இடித்து அடுக்குமாடி கட்ட பில்டர் கேட்டபோது, அப்பாவைப் பெற்ற அப்பாரு கட்டியதைத் தொடாதீர்கள் என்று நீ சண்டை போட்டாய் அல்லவா, எனக்கும் அதே எண்ணம்தான். மில்லை இடிக்கப் போவதில்லை, எல்லாம் அப்படியே இருக்கும் என்று பின்னால் வரிசையாக இருக்கிற நம் லைன் வீடுகளில் குடியிருப்பவர்களிடம் சொல்லப் போனேன், சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்து. நம் பனியன் கம்பெனியில் தைக்கிற பாண்டியம்மாள், தேனிப் பக்கத்துக்காரி, "பழசக் காப்பாத்துங்கம்மா, வேணாங்கல. ஆனா பன்னெண்டு வீட்டுக்கு ரெண்டு கக்கூஸு. வயசுக்கு வந்த பிள்ள விடியக்காலம் வாளியோட வரிசையில நிக்கிது. அதுவும் அப்படியேதான் இருக்குமா?" என்றாள். முப்பது வருடமாக அந்த வரிசையைத் தாண்டித்தான் நான் துணி காயப் போடுகிறேன் கண்ணு.

மறுநாளே என்ஜினியர் தமிழ்மதியை வரவழைத்து, லைன் ஆட்களுக்கும் கம்பெனியில் வேலை செய்கிற மற்றவர்களுக்கும் குளியலறையோடு வீடு கட்ட வழி கேட்டேன். மில் சுவர் கல்லு மாதிரி இருக்கிறது, கூரையை மட்டும் மாற்றினால் போதும் என்றாள். ஆனால் இருபது வீடு கட்ட வேண்டுமானால் ஒன்று மில் போக வேண்டும், இல்லாவிட்டால் நாம் குடியிருக்கிற வீடு போக வேண்டும், லைன் இருக்கிற இடம் போதாது, வேறு இடமும் இல்லை என்றும் சொன்னாள். "குடியிருக்கற ஊட்ட யாராச்சும் இடிப்பாங்களா?" என்று அப்பாவுக்குக் கோபம். "இவ்வளவு பெரிய ஊட்டுல நாம ரெண்டே பேருதானுங்க இருக்கறோம்" என்றேன். இரண்டு நாள் கம்பெனியிலேயே சாப்பிட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் தானாகவே தமிழ்மதிக்குப் போன் போட்டு, "கீழ்த்தளத்துல எங்களுக்கு ஒரு ரூமு போதுமுங்க" என்றார்.

நம் வீட்டு இடத்தில் நாலு மாடி வருகிறது, வீட்டுக்கு வீடு தனிக் குளியலறை. அது முடியும்வரை அவர்கள் லைனிலேயே இருப்பார்கள், நாங்கள் நெருப்பெரிச்சல் ஊரில் ஒரு வாடகை வீட்டில். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் மில்லுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ளப் போகிறோம், உள்ளே எப்போதும் குளுகுளுவென்றிருக்கும் இல்லையா. விஷயம் தெரிந்ததும் பாண்டியம்மாள் ஓடிவந்து, "அப்ப நீங்க எங்கம்மா இருப்பீக?" என்றாள். உங்களோடுதான் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டாள், விடவேயில்லை.

வியாழக்கிழமை இடிக்கிறார்கள். உன் அறையைப் பெருக்கிக் கோலம் போட்டுவிட்டேன். அம்மா மேல் வருத்தம் இருந்தால் என்னைத் திட்டு கண்ணு, மனதில் வைத்துக்கொள்ளாதே.

எண்ணெய் தேய்த்துக் குளி, வேளைக்குச் சாப்பிடு. இரண்டு பேரும் நூறு வருடம் நன்றாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் பண்ண மறக்காதே. மில்லைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேள், ஆசையாகச் சொல்வார். வீட்டைப் பற்றி மட்டும் கேட்காதே.

உன் அம்மா,
மயிலாள்