துருக்கி வாத்தியாரும் நம் அப்பாவும்

ரிங்லெட், மலாயா, அக்டோபர் 1943

அன்புள்ள கிளாரன்ஸ் அண்ணனுக்கு, அம்மா சொல்லத் தங்கை ரோஸ்மேரி எழுதுவது. கர்த்தர் தயவில் நாங்கள் மூவரும் சுகம். சயாமில் ரயில் பாதை போடும் இடத்தில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய் என்று அம்மா தினமும் அடுப்பிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தோட்டத்தில் பாதித் தேயிலையைப் பிடுங்கி மரவள்ளி நட்டிருக்கிறார்கள். காலையில் அதை அவித்துத் தின்கிறோம், மாலையில் ஒரு மாறுதலுக்குச் சுட்டுத் தின்கிறோம்.

தானா ராத்தா கடைத்தெருவில் சலாஹுதீன் நானா வடை சுற்றித் தந்த பழைய பத்திரிகையில் அப்பா ஒரு துருக்கிக்காரரின் வாழ்க்கையைப் படித்தது உனக்கு நினைவிருக்கும். சரித்திர வாத்தியாராக இருந்து, புத்தகங்கள் எழுதி, பிறகு பார்லிமென்டுக்கே போனவர். கடைசிப் பத்தி எண்ணெயில் ஊறிப்போனதால் அவர் அப்புறம் என்ன ஆனார் என்று அப்பாவுக்குத் தெரியாது. அப்பா சரித்திரம் சொல்லித்தந்த தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை ஜப்பான்காரர்கள் வந்து மூடியதும் (என் படிப்பும் அதோடு முடிந்தது, யாரும் அழவில்லை) சரித்திரம் தெரிந்தவன்தான் நாட்டை நடத்த வேண்டும் என்று ஜப்பான்காரர்கள் ஆதரித்த இந்தியர் சங்கத்துக்குத் தலைவரானார். நாட்டை நடத்தும் முதல் வேலையாக உன்னைச் சயாமுக்கு அனுப்பினார், தலைவர் மகன் முன்னால் போனால்தான் மற்றவர்கள் பின்னால் வருவார்களாம். மூன்றே மாதம் என்றார். வருஷம் திரும்பப் போகிறது, சரித்திர வாத்தியாருக்குக் கணக்கு வராது.

போன வாரம் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு எல்லோரும் கூடியபோது, இன்னும் ஆள் வேண்டும் என்று ஜப்பான் அதிகாரி வந்து நின்றார். அப்பா பெட்டிமேல் ஏறி ரோமாபுரியிலிருந்து தொடங்கினார். கொழுந்து பறிக்கும் வேலாயி அக்கா, அவள் மகனைத்தான் அடுத்துக் கேட்டிருந்தார்கள், கூடையை இறக்கிவைத்துவிட்டு, அதெல்லாம் கெடக்கட்டும் வாத்தியாரய்யா, ஒங்க மவன் கடுதாசி போட்டானா, அத மட்டும் சொல்லுங்க என்றாள். அப்பா பெட்டியிலிருந்து இறங்கினார். போடல என்றார். அதோடு விடாமல், யாரும் போவாதீங்க என்றும் சொல்லிவிட்டார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அதை அதிகாரிக்கு விசுவாசமாக மொழிபெயர்த்தார். அப்பாவின் கன்னத்தில் விழுந்ததற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஒரு பல்லும் தலைவர் பதவியும் சேர்ந்தே போயின. வேலாயி அக்காவின் மகனை அன்று மதியத்திலிருந்து காணவில்லை. எங்கே என்று கேட்டால் அவள் கிழங்கு வேண்டுமா என்கிறாள்.

அப்பா இப்போது மரவள்ளிக்கு மண் அணைக்கிறார். லாரி மலையேறும் சத்தம் கேட்டால் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சாலைக்குப் போய் நிற்கிறார், சரித்திர ஆராய்ச்சி போலிருக்கிறது.

நானாவின் மச்சான் அரிசி வாங்கச் சயாம் போகிறார், இதை அவர் கையில் தருகிறோம். அவரிடமே ஒரு வரி கொடுத்தனுப்பு. எழுத முடியாவிட்டால் சட்டைப் பொத்தான் ஒன்றைக் கொடு, அம்மா தைத்தது, அவளுக்குத் தெரியும். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. கர்த்தர் உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும் என்று அம்மா ஆசீர்வதிக்கிறாள். அப்பாவும் ஏதோ எழுதச் சொல்லிப் பக்கத்தில் நிற்கிறார். என்ன என்று கேட்டேன். ரோமாபுரி வரவில்லை. அவன வரச் சொல்லு என்றார், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
அம்மா மேவிஸ்
(கை ரோஸ்மேரியுடையது)