நான்காவது வீட்டுத் தண்ணீர்

மாமா,

இன்றைக்கு மட்டும் நான்கு வீடுகளில் தண்ணீர் கேட்டுக் குடித்திருக்கிறேன். வயிறு குடம் மாதிரி இருக்கிறது. நான்காவது வீடு மூனிர்காவில், உங்கள் வரிசைக்கு இரண்டு வரிசை தள்ளி. அந்த அம்மாள் தந்த தம்ளரில் வெட்டிவேர் வாசனை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிவந்து கோடை முழுக்கப் பானைக்குள் போட்டு வைப்பீர்களே, அதே வாசனை. பாதியோடு தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். தண்ணீர் நன்றாக இல்லையா என்று அந்த அம்மாள் கவலைப்பட்டார். நன்றாகத்தான் இருந்தது.

அப்பாவோடு ஒரே செக்‌ஷனில் வேலை பார்த்தவர் நீங்கள். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு எதிர்வீடு. ஓய்வுபெற்ற பிறகு மூனிர்காவில் மூன்றாம் மாடிக்குக் குடிபோனீர்கள். நான் போலீஸில் சேர்ந்து, வயதானவர்களைப் போனில் ஏமாற்றுகிறவர்களைத் தேடும் பிரிவில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனபோது, எங்கள் அப்பாவைவிட நீங்கள்தான் அதிகம் அலட்டிக்கொண்டீர்கள். பார்த்தவரிடமெல்லாம் "எங்க இன்ஸ்பெக்டரம்மா" என்பீர்கள். சர்க்கார் தருவதற்கு முன்பே புரமோஷன் தந்த புண்ணியவான்!

தில்லியில் பிறந்தவள், எனக்குப் பேச்சில் ஹிந்தி தானாக வந்து விழும். உங்களுக்கு அது ஆகாது. "அச்சாவையெல்லாம் செருப்போட சேத்து வெளிய விட்டுட்டு வா" என்பீர்கள். உங்கள் வாசற்படி தாண்டினால் தமிழ்தான். அதை நான் மறந்திருக்கக் கூடாது.

தமிழ்ச் சங்கத்துக் கூடத்தில் பெரியவர்களுக்கு நான் எச்சரிக்கைக் கூட்டம் போட்டபோதெல்லாம் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பீர்கள். நான் பேசி முடிப்பதற்குள் எழுந்து, "வீடியோவுல கைது பண்ற போலீஸ் உலகத்துலயே கிடையாது, கேட்டுக்கிடுங்க" என்று முடித்துவைப்பீர்கள். நான் நாலு பேப்பர் வைத்துக்கொண்டு திணறியதை நீங்கள் ஒரு வரியில் சொன்னீர்கள்.

அப்படிப்பட்ட நீங்கள்தான் மூன்று நாள் சொந்த வீட்டுக்குள் கைதியாக இருந்தீர்கள்.

உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது என்று காக்கிச் சட்டைக்காரன் ஒருவன் வீடியோவில் வந்திருக்கிறான். போனை அணைக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது, மூன்றாம் நாள் பேங்குக்குப் போய்ச் சேமிப்பையெல்லாம் அவன் சொல்கிற கணக்குக்கு மாற்ற வேண்டும். கவனிக்க அந்தப் படிக்கட்டில் யார் இருந்தார்கள்? ஒரு காலத்தில் எட்டு வீட்டில் ஐந்து தமிழ் வீடு. மாமி இறந்துபோனார், உங்கள் மகன் கனடா போனான், மற்றவர்கள் விற்றுவிட்டுப் போனார்கள். கீழே முழுக்க ஹாஸ்டல் பிள்ளைகள். எதிர்வீட்டில் சுவரை இடித்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் அலறியிருந்தாலும் கேட்டிருக்காது.

இரண்டாம் நாள் மாலை அந்தப் பக்கம் வந்த நான் உங்கள் கதவைத் தட்டினேன். உடம்பு சரியில்லை, நாளைக்கு வா என்று உள்ளேயிருந்தே சொன்னீர்கள். ஹிந்தியில் சொன்னீர்கள். சரி மாமா என்று நான் இறங்கிவிட்டேன். எனக்கு வேறு வேலை இருந்தது, நீங்கள் அனுப்பிவிட்டது வசதியாகக்கூட இருந்தது. பெரிய துப்பறியும் போலீஸ், மண்ணாங்கட்டி!

மறுநாள் காலை பல் தேய்க்கும்போதுதான் அந்த ஹிந்தி உறைத்தது. உள்ளே கேட்டுக்கொண்டிருந்த யாருக்கோ புரிவதற்காகப் பேசிய ஹிந்தி. வாய் கொப்பளித்தேனோ இல்லையோ, ஓடிவந்தேன். கதவை இடித்தால் பயத்தில் உங்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று கை வரவில்லை. போலீஸ் என்றாலும் திறக்க மாட்டீர்கள், உள்ளே போனில் ஏற்கெனவே ஒரு போலீஸ் உட்கார்ந்திருந்தான். என்ன சொல்வதென்றே தெரியாமல், "மாமா, தலை சுத்துது. கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றேன்.

எவ்வளவு நேரம் நின்றேனோ. தாழ்ப்பாள் திறந்தது. ஒரு கையில் தம்ளர், ஒரு கையில் போன். போனுக்குள் அவன் கத்திக்கொண்டிருந்தான். "ஒரு நிமிஷம் சார், பிள்ளை தண்ணி கேட்டுச்சு" என்று அவனிடம் ஹிந்தியில் கெஞ்சினீர்கள். நான் போனைப் பிடுங்கியதும் அவன் லைனைத் துண்டித்துக்கொண்டு ஓடிவிட்டான். இன்றுவரை அகப்படவில்லை.

அப்போது ஆத்திரத்தில் கேட்டேன்: "ஊருக்கெல்லாம் சொன்ன நீங்களே இப்படி ஏமாறலாமா மாமா?" நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கவே கூடாது.

காரணம் மறுநாள் தெரிந்தது. மூன்று நாளும் ஒரு பழைய டைரியில் நேரம் போட்டுக் குறித்துவைத்திருந்தீர்கள். ஆபீஸ் புத்தி எங்கே போகும்? குளியல், அனுமதி பெற்று. மாத்திரை, அனுமதி பெற்று. கழிப்பறை, அனுமதி பெற்று. முதல் நாள் பக்கத்தில், போலீஸில் யாரையாவது தெரியுமா என்று அவன் கேட்டதும், நீங்கள் பெருமையாக என் பெயரைச் சொன்னதும் இருந்தன. இரண்டாம் நாள்: "மாலை 4.15. அவள் வந்தாள். கதவைத் திறக்கவில்லை. திறந்தால் அவளையும் வழக்கில் சேர்ப்பார்களாம். வேலை போய்விடும்."

எங்கள் பிரிவில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. எல்லார் முன்னாலும் அழுதேன்.

பணம் ஒரு பைசா போகவில்லை. ஆனால் நீங்கள் மட்டும் அந்த மூன்று நாளிலிருந்து வெளியே வரவேயில்லை. மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போவது நின்றது, கூட்டத்துக்கு வருவது நின்றது. உங்கள் வீட்டிலேயே பாத்ரூமுக்கு எழுந்தால் ஒருமுறை போனைப் பார்த்துவிட்டுத்தான் போனீர்கள். எட்டு மாதம் அதைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க எத்தனை முறை வந்தேன் தெரியுமா? வாய் வரவில்லை. காப்பி குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். பிறகு ஒருநாள் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். அந்த மூடிய கதவுக்கு வெளியே நான் இன்னும் நிற்கிறேன், மாமா. மன்னித்துவிடுங்கள்.

இப்போதெல்லாம் யார் வீட்டிலும் "நலமா" என்று கேட்டுவிட்டு இறங்குவதில்லை. தண்ணீர் கேட்கிறேன். கதவு திறந்து முகத்தைப் பார்க்கும்வரை நகர்வதில்லை. நாளைக்கும் தட்ட வேண்டிய வீடுகளின் பட்டியல் இருக்கிறது. உங்கள் டைரியின் கடைசி வரியை நகலெடுத்து என் அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிவைத்திருக்கிறேன். படி ஏறுமுன் ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

"காலை 8.40. பிள்ளைக்குத் தண்ணீர். அனுமதி பெறவில்லை."